ஆறரை அடித் தலை

முதலில் கிடைத்தது மூக்கு நுனி மட்டும்தான். 2022ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்துக் கிம்மரிட்ஜ் விரிகுடாவின் கூழாங்கற்களுக்கு நடுவே அது கிடந்தது. கண்டெடுத்தவர் ஃபில் ஜேக்கப்ஸ் என்ற புதைபடிவ ஆர்வலர். தனியாளாகத் தூக்க முடியாத கனம். நண்பர் ஸ்டீவ் எட்சஸை அழைத்துவந்தார். இருவரும் கையில் அகப்பட்டதைக் கொண்டு ஒரு தூக்குப்படுக்கை கட்டி, அதைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

எட்சஸ் தொழிலால் பிளம்பர். கிம்மரிட்ஜ் பாறைகளிலிருந்து பல பத்தாண்டுகளாக அவர் தேடிச் சேர்த்த புதைபடிவங்களுக்காகவே அந்தச் சிற்றூரில் 2016இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தக் கரையை அவரளவுக்குப் படித்தவர்கள் குறைவு. மூக்கு முறிந்த இடம் புத்தம் புதிதாக இருந்தது. அப்படியென்றால் மீதித் தலை இன்னும் பாறைக்குள் இருக்கவேண்டும். கரையை ஒட்டிச் செங்குத்தாக எழும் பாறைச்சுவரை ட்ரோன் விட்டுப் பார்த்தார்கள். கடற்கரையிலிருந்து சுமார் 11 மீட்டர் உயரத்தில், உச்சியிலிருந்து 15 மீட்டர் கீழே, மூக்கு கழன்ற இடம் தெரிந்தது. கீழிருந்து ஏறவும் வழியில்லை, மேலிருந்து நடந்து இறங்கவும் வழியில்லை. கயிற்றில் தொங்கியபடி, உதிர்ந்துகொண்டே இருக்கும் களிப்பாறையைக் குடைந்து குடைந்துதான் அதை வெளியே எடுத்தார்கள்.

வந்தது 2 மீட்டர் நீளமுள்ள ஒரு தலை. ஆறரை அடி. ஒரு கயிற்றுக்கட்டிலில் கிடத்தினால் கால்மாட்டில் இடம் மிச்சமிருக்காது. மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று பூட்டியபடி இருந்தன. வாய் நிறையப் பற்கள், மொத்தம் 130. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், அந்த வாய் கடைசியாக மூடியது.

இந்த விலங்கைப் பிளியோசார் என்கிறார்கள். டைனோசார்கள் வாழ்ந்த அதே காலத்தது. ஆனால் டைனோசார் அல்ல. அது வேறொரு ஊர்வனக் கிளை. நிலத்தில் நடந்த மூதாதைகளிடமிருந்து வந்து, கடலுக்குத் திரும்பி, கால்களைத் துடுப்புகளாக மாற்றிக்கொண்ட கூட்டம். செவுள் கிடையாது, நுரையீரல்தான். எவ்வளவு பெரிய வேட்டைக்காரனானாலும் மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வந்தாகவேண்டும். இதன் சொந்தக்காரர்களில் பிளீசியோசார் என்ற வகைக்குக் கழுத்து நீண்டு, தலை சிறுத்தது. பிளியோசாருக்கு நேரெதிர்: கழுத்து குறுகியது, தலை பெருத்தது. 1841இல் பிளியோசாரஸ் என்று பெயர் சூட்டியவர் ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன். மறு ஆண்டு அதே ஓவன்தான் நிலத்து விலங்குகளுக்காக ‘டைனோசார்’ என்ற சொல்லையே உண்டாக்கினார். கடலின் அரக்கனுக்குப் பெயர் ஓராண்டு முந்தியே வந்துவிட்டது. ஆனால் இன்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்டாலும் டி-ரெக்ஸ் தெரிகிறது, பிளியோசார் தெரிவதில்லை. எனக்கு இதில் உண்மையான மனக்குறை உண்டு.

இப்படி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எல்லாரும் கேட்பது, எவ்வளவு நீளம் என்றுதான். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதைவிட நல்ல கேள்விகளுக்கு அந்தத் தலையே பதில் சொல்கிறது.

தலையின் பின்புறத்தில், கண்களுக்கும் பின்னால், இரண்டு பெரிய திறப்புகள் இருக்கின்றன. தாடையை மூடும் தசைகள் அவற்றின் வழியே ஓடின. திறப்பு பெரிதென்றால் தசையும் பெரிது. அந்தத் தசைகளின் பருமனையும் அவை இழுத்த கோணத்தையும் எலும்பிலிருந்து கணித்து, பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடியின் விசையை மதிப்பிட்டார்கள். சுமார் 33,000 நியூட்டன். இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் அளந்து பார்த்தவற்றுள் மிக வலிய கடி உப்புநீர் முதலையுடையது. அது சுமார் 16,000 நியூட்டன். 33,000 நியூட்டன் என்றால் மூன்று டன்னுக்கு மேற்பட்ட எடை. வளர்ந்த யானை ஒன்று ஒரு பல்வரிசையின் மேல் ஏறி நின்றதுபோல.

ஆனால் வலிமை மட்டும் போதாது. முதலை எப்படி இரையைத் துண்டாக்குகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கவ்விக்கொண்டு உடம்போடு உருளும், சதை முறுக்கிப் பிய்யும். பிளியோசாரும் அப்படிச் செய்திருக்குமா? இதற்கு விடை இதே டார்செட் கரையில், வேமத் விரிகுடாவில் கிடைத்த இன்னொரு தலையிலிருந்து வந்தது. 2003 முதல் 2008 வரை, பாறை உதிர உதிர, ஒருவர் பொறுமையாகத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்த தலை அது. அவர் பெயர் கெவன் ஷீஹன். அவர் பெயராலேயே அந்த இனம் 2013இல் பிளியோசாரஸ் கெவனி ஆனது. அந்த மண்டையோட்டைச் சிடி ஸ்கேன் செய்து, கணினியில் மறுபடி கட்டி, ஒரு பாலத்தின் பலத்தைப் பொறியாளர்கள் சோதிப்பதுபோலப் பல திசைகளிலும் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். முறுக்கும்போதும் பக்கவாட்டில் உலுக்கும்போதும் பலவீனம் தெரிந்தது. நீண்ட முகரைக்கு அது இயல்புதான். ஆக, இது முதலையைப்போல் முறுக்கிப் பிய்த்த விலங்கல்ல. தாடையின் பின்பகுதிக்கு இரையைத் தள்ளி, அங்கே நசுக்கி முறித்த விலங்கு. பாக்கை முன்பல்லால் யாரும் உடைப்பதில்லை, கடைவாய்க்குத்தான் கொண்டுபோவோம். அதே நெம்புகோல் கணக்குத்தான் இங்கும்.

பற்களைத் தனியே பார்க்கவேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்காது, முக்கோணமாக இருக்கும். பின்பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள் ஓடுகின்றன. சதைக்குள் ஆழமாகக் குத்திய பல், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு சிக்கிவிடக்கூடாது. அடுத்த கடிக்கு உடனே வெளியே வரவேண்டும். அந்த வரிகள் அதற்கு உதவின. ஆழக் குத்து, சட்டென்று உருவு, மறுபடி குத்து. கத்தி செய்யும் கொல்லனுக்குத் தெரிந்த சூட்சுமம் ஒன்றை அந்த எனாமலில் காணும்போது வியப்பு வராமல் இராது.

முகரை முழுவதும் சின்னச் சின்னக் குழிகள். அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல. வேமத் தலையின் ஸ்கேனில் அந்தக் குழிகள் ஒவ்வொன்றும் எலும்புக்குள் கிளைத்துச் செல்லும் கால்வாய்களோடு சேர்ந்திருந்தன. நரம்பும் இரத்தக்குழாயும் ஓடிய தடங்கள் அவை. முதலையின் தாடையிலும் இத்தகைய உணர்வு முனைகள் உண்டு. நீரில் எழும் மிகச் சிறிய அசைவும் அதற்குத் தெரிந்துவிடும். கலங்கிய நீரில், கண் உதவாத ஆழத்தில், பக்கத்தில் ஒரு மீன் திரும்பினால் பிளியோசாரின் தோல் அதை உணர்ந்திருக்கும்.

உச்சந்தலையில் இன்னொரு துளை. அதற்கடியில் மூன்றாவது கண் இருந்தது. நெற்றிக்கண் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் இது உருவங்களைப் பார்க்கும் கண் இல்லை, வெளிச்சத்தை மட்டும் உணர்வது. நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானின் உச்சியிலும் அதே உறுப்பு, ஒற்றைச் செதிலுக்கடியில் ஒரு புள்ளியாக இன்றும் இருக்கிறது. ஆழத்திலிருந்து மேலேறி வரும்போது நீர்மட்டம் எந்தப் பக்கம் என்று அறிய இது பிளியோசாருக்கு உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

இனி உடம்பு. நான்கு துடுப்புகள், நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இதுதான் இந்தக் குடும்பம் முழுவதற்குமான புதிர். கடலாமை முன்துடுப்பால் நீந்துகிறது. பின்கால்கள் பெரும்பாலும் திசை திருப்ப மட்டுமே. பென்குவினுக்கும் முன்னிரண்டு சிறகுதான். திமிங்கிலமும் சுறாவும் வாலால் தள்ளுகின்றன. நான்கு துடுப்புகளையும் சிறகுபோல அடித்து நீந்தும் விலங்கு இன்று உலகில் ஒன்றுகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆளே இல்லாத நீச்சல் அது. எனவே 2017இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் இயந்திரத் துடுப்புகளைச் செய்து நீர்த்தொட்டியில் ஓடவிட்டார்கள். முன்துடுப்பு அடிக்கும்போது அதன் பின்னால் நீர்ச்சுழல்கள் வரிசையாகக் கழன்று போகின்றன. பின்துடுப்பு சரியான தாளத்தில் அந்தச் சுழல்களின் இடைவெளிக்குள் புகுந்து அடித்தால், அதன் உந்துவிசை 60 சதவீதம்வரை கூடுகிறது. திறனும் 40 சதவீதம்வரை உயர்கிறது. தாளம் தப்பினால் லாபம் போய்விடும். ஒரே படகில் முன்னும் பின்னும் துடுப்புப் போடுகிறவர்கள் ஒத்திசைந்து போடுவதுபோல, ஒரே உடம்புக்குள் முன்னவனும் பின்னவனும் கூடி வேலை செய்தார்கள்.

இரத்தம்கூடச் சூடாகவே இருந்தது என்பதற்கு ஆதாரம் உண்டு. பல் உருவாகும்போது அதிலுள்ள ஆக்சிஜனின் கனமான அணுவுக்கும் இலேசான அணுவுக்கும் உள்ள விகிதம் உடம்பின் வெப்பத்தைப் பொறுத்து மாறும். பல் கல்லாகி, கோடி கோடி ஆண்டுகள் கழிந்தபின்னும் அந்த விகிதத்தைப் படிக்கலாம். 2010இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று, கடல் ஊர்வனவற்றின் பற்களையும் அவற்றோடு கிடைத்த மீன் பற்களையும் ஒப்பிட்டது. மீனின் வெப்பம் கடலின் வெப்பத்தோடு ஏறி இறங்கியது. பிளியோசாரின் சொந்தமான பிளீசியோசார், இன்னொரு கடல் ஊர்வனவான இக்தியோசார் ஆகியவற்றின் உடம்போ கடல் குளிர்ந்திருந்த இடத்திலும் 35 முதல் 39 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே நின்றது. பாம்பையும் பல்லியையும் வைத்து ‘குளிர்ந்த இரத்தம்’ என்று நாம் பாடத்தில் படித்த ஊர்வனவற்றின் கதைக்குள் இது அடங்கவில்லை. சூடான உடம்பு களைப்பில்லாமல் நெடுந்தூரம் துரத்தும். அந்தச் சூட்டுக்குத் தீனியும் நிறைய வேண்டும்.

தீனிக்குக் குறைவில்லாத கடல்தான். அன்றைய ஐரோப்பா கண்டமாக இல்லை. வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் சிதறிக் கிடந்த தீவுக்கூட்டம். கிம்மரிட்ஜ் பகுதியில் கடலடிச் சேறு ஆக்சிஜன் குறைந்த கறுப்புச் சேறு. விழுந்த உடலைக் கிளறித் தின்னும் உயிர்கள் அங்கே அதிகம் பிழைக்கவில்லை. அதனால்தான் எலும்புகள் இவ்வளவு முழுமையாகத் தங்கின. அந்தச் சேற்றில் மக்காமல் தேங்கிய பாசிகளும் நுண்ணுயிர்களும் பின்னாளில் எண்ணெயாயின. வடகடலின் பெட்ரோலியத்தில் பெரும்பங்கு இந்தக் கிம்மரிட்ஜ் களியிலிருந்து பிறந்ததே.

பிளியோசாரின் உணவில் மீன்கள் இருந்தன, நீண்ட கழுத்துப் பிளீசியோசார்கள் இருந்தன, இக்தியோசார்கள் இருந்தன. இக்தியோசார் ஓங்கிலைப்போல் வடிவெடுத்த ஊர்வன. அவற்றில் ஆஃப்தால்மோசாரஸின் கண் 20 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. மங்கிய வெளிச்சத்தில் இரை தேடவும், தன்னைத் தேடி வருவது எது என்று பார்க்கவும் அந்தக் கண் பயன்பட்டிருக்கும்.

சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த அம்மோனைட்டுகளும் அந்தக் காலக் கடல்களில் எங்கும் நிறைந்திருந்தன. இங்கே ஒரு கணம் நின்று சொல்லவேண்டும். வைணவ வீடுகளின் பூஜையறையில் துளசி சாத்தி, திருமஞ்சனம் செய்து வணங்கப்படும் சாளக்கிராமம் பெரும்பாலும் ஜுராசிக்கின் பிற்பகுதியைச் சேர்ந்த அம்மோனைட்தான். நேபாளத்தில் முக்திநாத்தை ஒட்டி ஓடும் கண்டகி நதி, இமயத்தின் கறுப்புக் களிப்பாறையை அரித்து அதைக் கொண்டுவருகிறது. அந்தப் பாறை ஒருகாலத்தில் இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே கிடந்த டெத்திஸ் கடலின் தரை. சக்கரம் என்று கைகூப்பும் அந்தச் சுருள், பிளியோசார்கள் உலாவிய அதே யுகத்தில் நீந்திய ஓர் உயிரின் வீடு. அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வருகிறவர்களின் பக்தி எனக்கு இதனால் குறைந்து தெரியவில்லை. அந்தக் கல்லின் கனம்தான் கூடுகிறது.

இந்தியாவின் ஜுராசிக் கடலிலும் இந்த ஊர்வன இருந்தன. குஜராத்தின் கச்சுப் பகுதியில், லோடாய் ஊருக்கருகே, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் குண்டுபள்ளி பிரசாத் குழுவினர் ஏறத்தாழ முழுமையான இக்தியோசார் ஒன்றை எடுத்து 2017இல் அறிவித்தார்கள். ஐந்தரை மீட்டர் நீளம், சுமார் 15 கோடி ஆண்டு வயது. கிம்மரிட்ஜ் தலைக்குச் சமகாலத்தது. பற்களின் தேய்மானத்தைப் பார்த்தால், ஓடுள்ள கடினமான இரையை அது மென்றிருக்கிறது. நம் பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை ஊரின் வறண்ட நிலத்திலும் இக்தியோசாரின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அவை ஜுராசிக்குக்குப் பிந்திய கிரெட்டேசியக் காலத்தவை.

இந்தக் கடல் ஊர்வன நிலத்துக்கு ஏறி முட்டையிட்டனவா என்ற கேள்வி முன்பு இருந்தது. ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடன் கற்பலகைகளில் வயிற்றில் குட்டிகளோடு கிடந்த இக்தியோசார்கள் அந்தக் கேள்விக்கு ஒரு பாதி விடை தந்தன. பிளீசியோசார் குடும்பத்துக்கு விடை வர 2011 ஆயிற்று. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் கிடைத்த, கிரெட்டேசியக் காலத்துப் பாலிகாட்டிலஸ் ஒன்றின் வயிற்றில் ஒரே ஒரு குட்டி, தாயின் அளவுக்கு மிகப் பெரிதாக இருந்தது. நிறையப் பெற்று விதிக்கு விடுவதல்ல, ஒன்றைப் பெரிதாகப் பெறுவது, திமிங்கிலத்தின் வழி. அப்படிப் பெறுகிற விலங்குகள் இன்று பெரும்பாலும் குட்டியைக் கூடவே வைத்துக் காக்கின்றன. 130 பற்களுள்ள அந்த வாயின் பக்கத்தில் ஒரு குட்டி ஒட்டி நீந்தியிருக்கக்கூடும் என்பதை யோசித்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

சரி, நீளம். 1873இல் பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி எமில் சொவாஜ், பிரான்ஸில் கிடைத்த பற்களைக் கொண்டு, பிளியோசார் வகை விலங்கு ஒன்றுக்கு லையோப்ளூரோடான் என்ற பெயரை வைத்தார். 1999இல் பிபிசியின் டைனோசார்த் தொடர் அந்த விலங்கை 25 மீட்டர் நீளமாகக் காட்டியது. ஒரு தலைமுறையே அதை நம்பி வளர்ந்தது. உண்மையில் கிடைத்திருக்கும் எலும்புகள் சொல்வது ஆறு, ஏழு மீட்டர்தான். 2006இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ஒரு பிளியோசார் கிடைத்தபோது 15 மீட்டர் என்றார்கள். 2012இல் முறையாக விவரித்தபோது அது 10 முதல் 13 மீட்டராயிற்று. ஏன் இப்படி ஊதிப்போகிறது? முழு எலும்புக்கூடு அரிது. ஒரு முள்ளெலும்போ தாடைத் துண்டோ கிடைக்கும். தெரிந்த இனத்தின் விகிதத்தால் பெருக்குவார்கள். தலை பெருத்த விலங்கை, தலை சிறுத்ததன் விகிதத்தால் பெருக்கினால் உடம்பு எங்கோ போய் நிற்கும்.

ஆனாலும் பெரியவை இல்லாமலில்லை. இங்கிலாந்தின் ஆபிங்டன் அருங்காட்சியகத்தில் ஓர் இழுப்பறையில் கிடந்த கழுத்து முள்ளெலும்பு ஒன்று, போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் டேவிட் மார்ட்டில் கண்ணில் பட்டது. தேடியபோது அதன் கூட்டாளிகளும் கிடைத்தன, மொத்தம் நான்கு. 2023இல் அவர் குழு சொன்ன கணக்கு, 9.8 முதல் 14.4 மீட்டர்வரை. அந்த இடைவெளியின் அகலமே அந்தக் கணக்கின் நேர்மை. நான்கு எலும்புகளிலிருந்து அதற்குமேல் கறாராகச் சொல்வது சரியில்லை. ஜுராசிக் கடலின் மிகப் பெரிய உடல்களைத் தேடினாலோ, ஒரு மீன்தான் எதிரே வருகிறது: லீட்சிக்திஸ். வாயைத் திறந்துகொண்டு போய் நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்ற சாதுவான மீன்.

இந்த ஊர்வனவற்றை உலகம் முதலில் அறிந்துகொண்டதும் அதே டார்செட் கரையில்தான். லைம் ரீஜிஸ் ஊரின் ஏழைத் தச்சர் மகள் மேரி ஆனிங், அண்ணன் கண்டெடுத்த தலைக்குரிய இக்தியோசாரின் உடம்பை 1812இல் வெளியே கொண்டுவந்தபோது அவருக்கு வயது 13. 1823இல் அவர் எடுத்த முழுப் பிளீசியோசாரின் கழுத்து நீளத்தைக் கண்டு, பாரிஸின் பேரறிஞர் கூவியே இது போலியாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார். பிறகு தம் தவற்றை ஒப்புக்கொண்டார். பெண்களைச் சேர்க்காத லண்டன் புவியியல் சங்கத்தில் அந்த எலும்புக்கூட்டைப் பற்றி ஆண்கள்தான் பேசினார்கள். தோண்டியவர் கரையில் இருந்தார்.

பிளியோசார்கள் கிரெட்டேசியக் காலத்திலும் வாழ்ந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தன. டைனோசார்களை அழித்த விண்கல் வந்தபோது அவை ஏற்கெனவே இல்லை. மோசசார் என்ற வேறொரு ஊர்வனக் குடும்பம் கடலின் உச்ச வேட்டைக்காரனாக அந்த இடத்தில் இருந்தது.

கிம்மரிட்ஜ் தலை இப்போது எட்சஸின் அருங்காட்சியகத்தில், சேறு நீங்கி, வாய் மூடியபடி இருக்கிறது. கழுத்து முறிந்த இடத்துக்கு அப்பால் உடம்பு இன்னும் பாறைக்குள் இருக்கிறது என்று எட்சஸ் உறுதியாக நம்புகிறார். அந்தப் பாறைச்சுவர் ஒவ்வோர் ஆண்டும் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் களி நனைந்து சரிகிறது, கீழே அலை அதை வாரிக்கொண்டு போகிறது. நான்கு துடுப்புகளும் விலாவும் வாலும் கயிற்றில் தொங்கும் மனிதர்களின் உளிக்கு முதலில் அகப்படுமா, அலைக்கா என்பதுதான் அந்தக் கரையில் இப்போது நடக்கும் போட்டி.